தந்தி அத்தியாயம்

1943 ஜூலை 4, ஞாயிறு

ஓயாத காற்று. மலையில் சாரல், சின்னமனூரில் வெறும் புழுதி. மதுரைப் பத்திரிகை ஆசிரியரிடமிருந்து கார்டு. யுத்தத்தால் காகிதம் இல்லையாம். என் பதினொரு அத்தியாயக் குறுநாவலை ஏழாக்கி, பதினைந்தாம் தேதிக்குள் அனுப்ப வேண்டுமாம். வெள்ளரிக்காய் நறுக்கச் சொல்வது போல எழுதுகிறார்.

வெட்ட வேண்டியவை:
நாயகியின் மாமியார் (மூன்று பக்கம் பேசியும் கதை நகரவில்லை).
திருவிழா.
நாயகன் ஊரை விட்டுப் போகுமுன் வரும் மாட்டுச் சந்தை. எழுத ஒரு மாதம் ஆனது.

மீனாட்சியிடம் சொன்னேன். சந்தை ஒன்றுதான் நன்றாக இருந்ததாம். பெண்டாட்டி வாயால் இதையும் கேட்டாயிற்று.

ஜூலை 6, செவ்வாய்

சந்தை இருந்த இடத்தில் ஒரே வரி: 'மலேயாவுக்குப் போனான்.' அதுவே போதுமாக இருக்கிறது. எரிச்சல்.

தங்கை செல்லம் நகல் எடுக்கிறாள். என் எழுத்து எனக்கே விளங்காது. ஐந்து அத்தியாயம் முடித்துவிட்டாள்.

தலைவலி. சுக்குப் பற்று.

ஜூலை 9, வெள்ளி

கடைசி அத்தியாயத்தைச் செல்லத்திடம் கொடுத்தேன். மலேயாவிலிருந்து தந்தி வருகிறது, நாயகன் இறந்துவிட்டான். கதை முழுவதும் அதை நோக்கித்தான் போகிறது.

மாலை வரை ஒரு வரி எழுதவில்லை. மை கட்டிவிட்டது என்றாள். புதிதாகக் கரைத்துக் கொடுத்தேன். அப்படியே இருந்தது.

ஜூலை 11, ஞாயிறு

நாலே நாள் பாக்கி. ஏன் எழுதவில்லை என்று செல்லத்திடம் கோபமாகவே கேட்டேன். மைக்கூட்டை மூடி வைத்தாள். பிறகு,

"உங்க கதைக்கு ஒரு முடிவு வேணும். அதை எங்கையால எழுதச் சொல்றீகளேண்ணே."

அவள் வீட்டுக்காரர் மலேயாவில் ரப்பர் தோட்டத்துக் குமாஸ்தா. ஜப்பான்காரன் புகுந்ததிலிருந்து கடிதம் இல்லை, ஒன்றரை வருஷத்துக்கு மேல். எங்களோடுதான் இருக்கிறாள். எனக்குத் தெரியாததா? கதையில் பெயரை மாற்றினேன், உத்தியோகத்தை மாற்றினேன், அதோடு சரி என்றிருந்தேன். மடையன்.

ஜூலை 13, செவ்வாய்

பாடம் நடத்தப் போகாமல் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டேன். நானே நகல் எடுக்க உட்கார்ந்தேன். 'இறந்துவிட்டான்' என்ற இடத்தில் எனக்கும் கை ஓடவில்லை. அத்தியாயத்தை அடுப்பில் போட்டேன். கதையை ஆறாவதோடு நிறுத்தினேன்: தபால்காரர் தெருவில் வருகிறார், வீட்டைத் தாண்டிப் போகிறார்.

செல்லத்திடம் படித்துக் காட்டினேன். பேனாவை வாங்கிக்கொண்டாள். விளக்கு வைக்குமுன் நகலை முடித்துவிட்டாள். கண் சிவந்திருந்தது. புகை என்றாள்.

நாளைத் தபாலில் சேர்க்க வேண்டும்.

ஜூலை 24, சனி

மதுரைக் கார்டு. 'கதை முடிவில்லாமல் நிற்கிறது. கணவன் கதி என்ன? கடைசி அத்தியாயம் வழியில் தவறிவிட்டதா?'

ரசனை கெட்ட மனுஷன். நாலு பக்கம் திட்டி எழுதிக்கொண்டிருந்தேன். ஆடிச் சனி என்று குச்சனூர்ச் சனீஸ்வரன் கோயிலுக்குப் போன செல்லம் திரும்பி வந்தாள், வீட்டுக்காரருக்காக எள் விளக்குப் போட்டுவிட்டு. நின்றபடியே கார்டைப் படித்தாள்.

"ஆசிரியரு சரியாத்தாண்ணே படிச்சிருக்காக. முடிவில்லாமத்தான நிக்குது."

திட்டியதைக் கிழித்தேன். வேறு கார்டில் ஒரு வரி: 'எதுவும் தவறவில்லை. இதுவரை வந்தது அவ்வளவுதான்.'

போட்டால் போடட்டும்.