ஆணும் பெண்ணும் இல்லாத காலத்து அத்தியாயம்

என் மைமூன் அக்காவுக்கு,

நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப் போகிறது. சாத்தூர் பக்கம் நாற்கரச் சாலை போடுகிறார்கள். சிவகாசி போய் வருவதற்குள் முகமெல்லாம் புழுதி. இந்த மாதம் மட்டும் மூன்று தடவை போய்விட்டேன். உங்கள் புத்தகத்துக்காகத்தான்.

பள்ளிப் பிள்ளைகளுக்கென்று நீங்கள் எழுதி வைத்த உயிரின் கதையை நம் பழைய மாணவன் கருப்பசாமியின் பிரஸ்ஸில் கொடுத்தேன். புரூப் வந்தது. மூன்றாம் அத்தியாயத்தைக் காணோம். பால் இனப்பெருக்கம் எப்படித் தோன்றியது என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து நீங்கள் திருத்தினீர்களே, அது.

"எங்கலே போச்சு?"

"நாந்தான் எடுத்தேன் டீச்சர். ஸ்கூலுக்குப் போற புத்தகம். ஆம்பளை பொம்பளை சமாச்சாரம் எதுக்கு? மைமூன் டீச்சர் பேருல்ல கெடும்."

"கூறுகெட்டவனே, படிச்சியா? அதுல ஆம்பளையும் இல்ல, பொம்பளையும் இல்ல. எல்லாம் ஒத்தச் செல்லு!"

"தானே ரெண்டாப் பிரிஞ்சு பெருகிக்கிட்டு இருந்ததுக எதுக்கு டீச்சர் சேரணும்?"

கேள்வியைப் பார்த்தீர்களா அக்கா? வகுப்பில் வாயே திறக்காதவன்.

வேஸ்ட் தாள் கட்டிலிருந்து இரண்டு காலண்டர் தாள்களை உருவினேன். ஒன்றில் மேல் பாதியில் மை ஈஷியிருந்தது. மற்றதில் கீழ் பாதியில் கலர் விலகியிருந்தது. இரண்டையும் நடுவில் வெட்டி, நல்ல பாதிகளை ஒட்டிக் காட்டினேன். கெட்ட பாதிகள் இரண்டும் சேர்ந்து குப்பைக்குப் போயின. "ரெண்டு செல்லு சேர்ந்தா நல்ல பாதிக இப்படி ஒண்ணு சேரலாம். ஒரே அச்சுப் பிளேட்டுல நகல் எடுத்துக்கிட்டே இருந்தா?" என்றேன்.

"ஒரு கீறல் விழுந்தா அம்புட்டுத் தாள்லயும் விழும்" என்றான். ஒரு சீசனில் முழு லோடும் அப்படித்தான் அவனுக்குத் திரும்பி வந்ததாம்.

இன்னொரு செல்லை விழுங்கி, செரிக்காமல் உள்ளேயே வைத்து வாழப் பழகிய ஆதிச் செல்கள் முதன்முதலில் ஏன் சேர்ந்தன? பட்டினியாலா, மரபணுவில் விழுந்த காயத்தைச் சரிசெய்யவா? தெரியவில்லை என்றே நீங்கள் எழுதியிருந்தீர்கள். பிள்ளைகளிடம் அதை ஒப்புக்கொள்ளும் தைரியம் எத்தனை பேருக்கு வரும்?

"புரியுது டீச்சர். ஆனா ஸ்கூல்காரக வாங்க மாட்டாகளே" என்று பேனாவை நீட்டினான். புரூப்பில் 'ஓகே' போட்டுக் கையெழுத்திட்டால்தான் மெஷின் ஓடும். 'மூன்றாம் அத்தியாயம் இல்லாமல் கையெழுத்து இல்லை' என்று சிவப்பு மையில் எழுதிக் கொடுத்துவிட்டு எழுந்து வந்தேன்.

இறந்ததும் உங்களைச் சாதுவாக்கப் பார்க்கிறார்கள் அக்கா. நான் இருக்கும்வரை நடக்காது.

நேற்று முழுப் புரூப் வந்தது. ஒரு வரி குறையவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டேன். முதல் கட்டுடன் தாயில்பட்டிப் பள்ளிக்குப் போவேன். வாங்க மறுத்தால் அந்த ஊர் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து, பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்கு உங்கள் மூன்றாம் அத்தியாயத்தை முதலிலிருந்து சத்தமாக வாசிப்பேன். இது சத்தியம்.

உங்கள் கூடப் பிறக்காத தங்கச்சி,
பேச்சியம்மாள்