ஏழாவது கல்லறையின் பெட்டி

சமாதானபுரம், பாளையங்கோட்டை
14 செப்டம்பர் 2025, ஞாயிறு

தம்பி கிங்ஸ்லிக்கு,

உன் மதினி ஃபெபி எழுதுகிறேன். கனடாவில் நீயும் உன் வீட்டாரும் சுகமாக இருக்க வேண்டும் என்று ஜெபித்துவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். நம் இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்று நாலு வருஷத்துக்கு மேல் ஆகிறது. உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் பயந்திருப்பாய். பயப்படாதே, அண்ணன் இருக்கிறார். போனில் சொல்லலாம்தான். உன் குரலைக் கேட்டால் அழுதுவிடுவேன், சொல்ல வந்ததில் பாதிகூடச் சொல்ல மாட்டேன். அதனால்தான் கடிதம்.

இங்கே இன்னும் வெயில் குறையவில்லை. ஆற்றில் தண்ணீர் இருக்கிறது என்று பத்திரிகையில் போட்டிருக்கிறான், குழாயில்தான் வரக் காணோம். கிரேஸ் அத்தை மூட்டு வலியோடு ஞாயிறு தவறாமல் கோயிலுக்கு வருகிறார், உன்னைக் கேட்காமல் போவதில்லை.

அண்ணனைப் பற்றிச் சொல்கிறேன். போன வருஷம் ஜனவரியில் கோர்ட்டில் நகலுக்கு முத்திரை குத்தும்போது முத்திரை கைநழுவிப் போனது. இரண்டு மூன்று தடவை இப்படி ஆனதும் சர்க்கரையாக இருக்கும் என்று நினைத்தோம். பிறகு சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. மதுரையில் பெரிய டாக்டர் எல்லாப் பரிசோதனையும் எடுத்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். தசைக்குக் கட்டளை கொண்டுபோகிற நரம்புகள் ஒவ்வொன்றாகப் பட்டுப்போகிற நோயாம். புத்தி தெளிவாக இருக்குமாம். கை, கால், பேச்சு, விழுங்குவது, கடைசியில் மூச்சு என்று போகுமாம். மருந்து இருக்கிறதா என்று கேட்டேன். கொஞ்சம் தள்ளிப்போடலாம்மா என்றார். அண்ணனிடம் நான் மறைத்தேன். அவர் கோர்ட்டில் இருபத்தைந்து வருஷம் மனுவும் சாட்சியும் படித்தவர், என் மூஞ்சியைப் படிக்கத் தெரியாதா. பஸ்ஸிலேயே கேட்டுவிட்டார். கோவில்பட்டி தாண்டும் முன் சொல்லிவிட்டேன்.

உனக்குத் தகவல் சொல்லவா என்று அன்றைக்கே கேட்டேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். இப்போதும் அவருக்குத் தெரியாமல்தான் எழுதுகிறேன்.

லீவில் வீட்டோடு இருக்கத் தொடங்கியதும் அவர் யாரோடும் பேசாமல் சுவரையே பார்த்துக்கொண்டு கிடந்தார். அவரோடு வேலை பார்க்கிற நாறும்பூநாதன் சார் ஒரு நாள் பெரிய கம்ப்யூட்டர் ஒன்றைக் கொண்டுவந்து வைத்து, ஒரு விளையாட்டும் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். ‘ஏழு கல்லறைகள்’ என்று பெயர். பழைய நிலஅளவைக்காரன் ஒருவன் விளக்கும் கயிறும் வைத்துக்கொண்டு பாலைவனத்தில் ராஜாக்களின் கல்லறைக்குள் இறங்குகிறான். சுவர் ஏறுகிறான், தண்ணீருக்குள் மூச்சுப் பிடிக்கிறான், பள்ளம் தாவுகிறான். பேட்டையில் மாமா ஒர்க்‌ஷாப் ஆபீஸில் நீங்கள் இரண்டு பேரும் இந்த மாதிரி விளையாட்டைத்தானே ராப்பகலாக ஆடினீர்கள்? நீ பன்னிரண்டு வயது, முக்காலி போட்டு உட்காருவாய், அவர் பின்னால் நின்று வழி சொல்வார் என்று கல்யாணமான புதிதில் என்னிடம் எத்தனை தடவை சொல்லியிருக்கிறார்.

முதலில் அவரே ஆடினார். பிறகு இடது கையால். ஆவணி பிறக்கும் முன் அதுவும் போயிற்று. இப்போது பொத்தானை நான் அமுக்குகிறேன், அவர் சொல்கிறார். ‘இடது, மேல, நில்லு, பைய, இப்பத் தாவு’ என்பார். நான் தாமதமாகத்தான் தாவுவேன், அந்த ஆள் பள்ளத்தில் விழுவான். முதல் தடவை எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் சிரித்துவிட்டு, “அவனுக்கென்ன ஃபெபி, விழுந்தா அதே படியில எந்திச்சு நிப்பான்” என்றார்.

விளையாடினவர்கள் தமிழில் கருத்து எழுதுகிற பக்கம் ஒன்று இருக்கிறது. உனக்கு நான் சொல்லவா வேண்டும்? ‘சமாதானபுரத்தான்’ என்ற பெயரில் அவர் சொல்லச் சொல்ல நான் தட்டி அங்கே போட்டேன். கோர்ட்டு எழுத்து மாதிரிதான் இருந்தது. “முதல் ஆறு கல்லறைகளும் நன்று. மூன்றாவதில் தண்ணீர் ஏறும் அறை அநியாயம், மூச்சு விட அவகாசம் தரவில்லை. ஏழாவதில் ராணியின் கல்பெட்டி முன் வந்து நிற்கிறோம். திறக்கவா, விடவா என்று கேட்கிறது. நான் திறக்காமல் திரும்பினேன். திறக்கிறவனுக்குக் கூடுதல் புள்ளி கொடுப்பது தவறு.”

இரண்டு நாளில் ‘உப்புக்காற்று’ என்று ஒருவர் பதில் போட்டார். “ஆறு கல்லறை தாண்டி அவ்வளவு தூரம் வந்தவனிடம் மூடியை மட்டும் பார்த்துவிட்டுப் போ என்பது என்ன நியாயம்? வந்தவனுக்குப் பார்க்க உரிமை உண்டு. விளையாட்டு சரி. சமாதானபுரத்தான்தான் கோழை.”

அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. உடனே பதில் எழுதச் சொன்னார். அன்று தொடங்கியது தம்பி, மூன்று மாதம் நின்றபாடில்லை. காலையில் பல் விளக்கி விட்டதும் முதல் கேள்வி, “அந்த உப்புக்காற்றுப் பய என்ன எழுதியிருக்கான், பாரு” என்பதுதான். அவர் கோபப்படுவதைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சுவரைப் பார்க்கவில்லையே. மற்றவர்கள் சண்டைக் காட்சி, படம், பாட்டு என்று என்னென்னவோ எழுதினார்கள். இவர்கள் இரண்டு பேர் மட்டும் பெட்டியை விட்டு நகரவில்லை. செத்தவர்களுக்கும் மானம் உண்டு என்று இவர் எழுதினால், உயிரோடு இருப்பவனுக்கு மனசு உண்டு என்று அங்கிருந்து வரும்.

ஆகஸ்ட் கடைசியில், காயல்பட்டினத்துக்காரர் ஒருவர், முகம்மது மைதீன் என்று பெயர், இருவருக்கும் நடுவே ஒரு வரி போட்டார். “அண்ணன்மாரே, கோவிச்சுக்காதீங்க, நீங்க ரெண்டு பேரும் எந்தப் பெட்டியைப் பத்திப் பேசுறீங்க?”

அதற்கு உப்புக்காற்று எழுதியது இவ்வளவுதான்: “ஒரே ஒரு தடவை காட்டியிருக்கலாம்.”

விளையாட்டில் யாரும் யாருக்கும் எதையும் காட்டுவதில்லையே, தம்பி. அது அம்மா போன சமயம் நீ போனில் சொன்ன சொல். அண்ணன் அதை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டார். அவருக்கு எப்போது தெரிந்தது, அன்றைக்கா, முதல் நாளேவா, எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

கொரோனாவில் போன அம்மாவை அடக்கம் பண்ணின அன்றைக்கு நடந்ததை நீ முழுதாகக் கேட்டதில்லை. அம்மாவை ஆஸ்பத்திரியில் சுற்றிக் கட்டிக் கொடுத்தார்கள். கல்லறைத் தோட்டத்தில் அண்ணனையும் என்னையும் தவிர கவச உடை போட்ட நாலு பேர். நான் வாசல் கேட்டில் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன், போனுக்குள் நீ. அந்த நாலு பேரில் ஒருவர் இரக்கப்பட்டு, “சார், முகத்த ஒரு தடவ பாக்கியளா?” என்று கேட்டார். அண்ணன் கிட்டே போனார். திறந்தார்கள். எனக்கு அவர் முதுகுதான் தெரிந்தது. அரை நிமிஷம் இருக்கும். திரும்பி வந்து என் கையிலிருந்து போனை வாங்கி, “மூடிட்டாங்கலே, யாருக்கும் காட்ட மாட்டாங்களாம்” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அவர் பார்த்தார் என்பது பத்து நாளில் உன் காதுக்கு வந்தது. கிரேஸ் அத்தை சொன்னதாக நினைத்திருப்பாய். அத்தையிடம் சொன்னது நான். மனசு தாங்காமல் சொன்னேன், அது உன் வரைக்கும் போகும் என்று நினைக்கவில்லை. நீ கூப்பிட்டு, “நீ மட்டும் பாத்துக்கிட்டியா, எனக்கு அவ அம்மா இல்லையா? ஒரே ஒரு தடவ காட்டியிருக்கலாம்ல?” என்று கேட்டாய். அவர், “வராதவனுக்கு என்னலே முகம்?” என்றார். விமானமே ஓடாத நாளில் அந்தச் சொல் எவ்வளவு அநியாயம் என்று அவருக்குத் தெரியும். சொன்ன நிமிஷமே தெரியும். அன்றைக்குச் சாப்பிடவில்லை.

போன வியாழக்கிழமை உப்புக்காற்றுக்குப் பதில் எழுத வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார். பேச்சு இப்போது குழறுகிறது, எனக்கு மட்டும்தான் புரியும். அவர் சொன்னதை அப்படியே தட்டினேன்.

“ஒரு கண்ணு பாதி திறந்திருந்துச்சு. குழாய்க்கு ஒட்டுன டேப்பைக்கூட எடுக்கல. வாய் ஒரு பக்கமா இழுத்திருந்துச்சு. அது அம்மா இல்ல. அன்னையிலருந்து அம்மாவ நினைச்சா அந்த மூஞ்சிதான் வருது. சிரிச்ச மூஞ்சி, ஏசுன மூஞ்சி, கோயிலுக்குப் புறப்பட்ட மூஞ்சி ஒன்னும் வரமாட்டேங்கு. உன்கிட்ட அதெல்லாம் பத்திரமா இருக்கு. அதையும் பறிச்சுக்கிடச் சொல்லுதியாலே?”

நான் தட்டி முடித்ததும் வாசித்துக் காட்டச் சொன்னார். வாசித்தேன். “அழிச்சிரு. போடாத” என்றார். அழித்துவிட்டேன். ஆனால் அடுப்படிக்குப் போய் ஒரு சொல் விடாமல் எழுதி வைத்துக்கொண்டேன். இத்தனை வருஷம் என்னிடமும் சொல்லவில்லை, தம்பி. அவர் பார்த்ததை அவரே வைத்துக்கொண்டு உன் ஏச்சையும் வாங்கிக்கொண்டிருந்திருக்கிறார். அவர் செய்தது சரி என்று நான் சொல்லவில்லை. உனக்குக் காட்ட வேண்டுமா வேண்டாமா என்று அவர் தனியாக முடிவு செய்திருக்கக் கூடாது. அந்தச் சொல்லையும் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் எதற்காக என்பது உனக்குத் தெரியாமல் போய்விடக் கூடாது.

டாக்டர் நாள் சொல்ல மறுக்கிறார். கஞ்சி இறங்கவே அரை மணி நேரம் ஆகிறது. எங்களுக்குப் பிள்ளை இல்லை, அவர் தூக்கி வளர்த்தது உன்னை ஒருத்தனைத்தான். நீ வந்து மன்னிப்புக் கேட்கவும் வேண்டாம், கொடுக்கவும் வேண்டாம். என் கை அந்தப் பொத்தானுக்கு உதவாது, அவருக்குச் சரியான நேரத்தில் தாவுகிற ஆள் வேண்டும். வந்து பக்கத்தில் உட்கார்.

கர்த்தர் உன் பயணத்தை ஆயத்தம் பண்ணுவாராக.

உன் மதினி,
ஃபெபி பாக்கியசீலன்

*

ஹாலிஃபாக்ஸ்
6 அக்டோபர் 2025

மதினிக்கு,

உங்கள் கடிதம் இன்று வந்தது. வேலைக்குக் கிளம்பும்போது பெட்டியில் இருந்தது, காருக்குள் உட்கார்ந்தே படித்தேன். வேலைக்குப் போகவில்லை. தபாலில் பதில் போட்டால் அதற்கு முன்னால் நான் வந்து நிற்பேன், அதனால் கையால் எழுதிப் படம் எடுத்து உங்கள் போனுக்கு அனுப்புகிறேன்.

சமாதானபுரத்தான் யார் என்று முதல் கருத்திலேயே எனக்குத் தெரியும். ‘அவகாசம் தரவில்லை’ என்று விளையாட்டுக்குக் குறை எழுத இந்த உலகத்தில் வேறு எவன் இருக்கிறான்? அண்ணனிடம் பேச வேறு வழி தெரியவில்லை, மதினி. அதனால் கோழை என்று எழுதினேன். அவன் பதில் போட்டதும் எனக்கு எப்படி இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. கொஞ்ச நாளாகப் பதில் சின்னதாக வருகிறது என்று பார்த்து, எரிச்சலில் இருக்கிறான் என்றுதான் நினைத்தேன். அவன் சொல்லி நீங்கள் தட்டுகிறீர்கள் என்பது எனக்கு எப்படித் தெரியும்?

கிரேஸ் அத்தையிடம் நீங்கள் சொன்னது பற்றி வருத்தப்பட வேண்டாம். நாலு வருஷம் போனை எடுக்காமல் இருந்தது நீங்கள் இல்லை, நான்.

அவன் அழிக்கச் சொன்னதை நான் படித்துவிட்டேன் என்று அவனிடம் சொல்லாதீர்கள். நானே சொல்கிறேன். படித்த பிறகு ரொம்ப நேரம் அம்மாவை நினைத்துப் பார்த்தேன். எனக்கு எல்லா முகமும் வருகிறது. அவன் நினைத்தது பலித்திருக்கிறது.

2019-இல் அம்மா என்னோடு வீடியோவில் பேசியதில் பதினொன்றைப் பதிவு செய்து வைத்திருக்கிறேன். ஒன்றில் மீன் குழம்பு எப்படி வைப்பது என்று எனக்குச் சொல்லிக்கொடுக்கிறாள், நடுவில் பின்னால் போகிற அண்ணனைக் கூப்பிட்டு ஏசுகிறாள், தலையில் எண்ணெய் வைக்கவில்லை என்று. அவனும் நிற்கிறான் அதில், நல்ல கையோடு. இத்தனை வருஷம் அவற்றைத் திறந்து பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. இன்றைக்குக் காருக்குள் இரண்டைப் பார்த்தேன். மற்றதை அவனோடு பார்க்கிறேன்.

சனிக்கிழமை மதியம் தூத்துக்குடியில் இறங்குகிறேன். யாரும் வர வேண்டாம், டாக்ஸி பிடித்துக்கொள்வேன். இரண்டு மாதம் லீவு கேட்டிருக்கிறேன், கொடுக்காவிட்டாலும் இருப்பேன். அவனிடம் முன்கூட்டிச் சொல்வதா வேண்டாமா என்பதை உங்களிடமே விடுகிறேன்.

இன்னும் ஐந்து நாள்தான், மதினி. அதுவரைக்கும் எப்படியாவது அவனைச் சாப்பிட வையுங்கள்.

உங்கள் தம்பி,
கிங்ஸ்லி