கோகோ மரத்துக் கிண்ணக் காளான்

அஃப்ரியேயின் அப்பாவுக்கு,

காட்டுக் காவலுக்குப் போன இடத்தில் எனக்காக ஒடித்ததாக நீங்கள் கொடுத்தனுப்பிய பட்ட கிளை வந்தது. அதிலிருந்த இளஞ்சிவப்புக் கிண்ணக் காளான் வாடவில்லை. விளிம்பில் ரோமம் இருந்ததால் பெயரை உடனே கண்டுபிடித்துவிட்டேன். பல்கலைக்கழகத்தில் அதற்குத்தானே சம்பளம்.

கூட வேலை செய்யும் சேர்வாதான் கிளையைத் திருப்பிப் பார்த்தாள். "அக்கா, காய் பறிச்ச தழும்பைப் பாருங்க. இது கோகோ மரம். உங்க வீட்டுக்காரர் காவல் காக்கிறது காட்டையா, தோட்டத்தையா?" என்று சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன்.

உங்கள் காட்டில் கோகோ கிடையாது. காட்டோரம் கோகோத் தோட்டம் வைத்திருப்பவள் அடோமா ஒருத்திதான். நம் கல்யாணத்துக்கு முன்னால் உங்களுக்குக் கிழங்கு இடித்து ஃபுஃபுக் களி போட்டவள்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. மாதிரியோடு ஒட்டும் சீட்டில் காளானின் பெயரை எழுதிவிட்டேன். 'எடுத்த இடம்' என்ற கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது. அதை நீங்களே வந்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
இன்றுவரை உங்கள் மனைவி