பலூன் வெடிக்கத் தடை

மே 3, சனி

பொதுமக்கள் கவனத்துக்கு. எங்கள் கடை வாசலில் பதினேழு நாட்கள் மிதந்து சேவையாற்றிய ஆறடி டைனோசர் பலூன், வால் பகுதியில் ஏற்பட்ட கசிவு காரணமாக இன்று காலை பத்து நாற்பதுக்கு இயற்கை எய்தியது. பூதவுடல் குப்பைத் தொட்டியில் அஞ்சலிக்கு வைக்கப்பட்டுள்ளது. மலர் வளையம் வேண்டாம், ரிப்பன் போதும்.

சில்லறைச் செய்தி: இரண்டு கடை தள்ளி இருக்கும் செல்போன் கடைக்குள் நேற்று மதியம் ஒருவன் துப்பாக்கியோடு நுழைந்து போன்களை அள்ளிக்கொண்டு ஓடிவிட்டான். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. எங்கள் உதவி மேலாளர் ட்வைட் பெல் மட்டும் குண்டடி பட்டவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு அலைகிறார். (அந்தப் பதவியில் உதவி குறைவு, மேலாண்மை அதிகம்.) வேலை செய்கிறவர்கள் சட்டைக்குள் துப்பாக்கி வைத்துக்கொள்ள அனுமதி வேண்டும் என்று முதலாளி லெனோரா மேடத்திடம் கேட்டிருக்கிறார்.

நாங்கள் விற்பது பிறந்தநாள் தொப்பி. பீப்பி. காகிதத் தட்டு.

மே 6, செவ்வாய்

கூட்டம். கடையில் மொத்தமே நான்கு பேர்: லெனோரா மேடம், ட்வைட், பலூன் மேசை ட்ரூடி அக்கா, பள்ளி விட்டதும் வந்து சேரும் நான். அந்த நான்கு பேருக்கு ஒரு மாநாடு.

மேடம் சொன்னது: "இருபத்தோரு வயசு ஆனவங்க வச்சுக்கலாம். வெளிய தெரியக் கூடாது. யார் வச்சிருக்கீங்கன்னு எங்கிட்டயும் சொல்லாதீங்க. எனக்குத் தெரியாம இருக்கறதுதான் நல்லதுன்னு வக்கீல் சொல்றார். ஆனா கடைக்குள்ள வெளிய எடுத்தீங்க, அன்னிக்கே சீட்டு கிழிஞ்சுது."

"திருடன் வந்தா எடுக்கலாமா மேடம்?" என்றேன்.

"அது வேற."

"அது வேறன்னு யார் மேடம் முடிவு பண்றது? துப்பாக்கியா?"

"கார்பின், வாயை மூடு," என்றார் ட்வைட்.

அடுத்து ட்வைட் கொண்டுவந்த விதி: இனி கடைக்குள் பலூன் வெடிக்கக் கூடாது. மிச்சமான பலூன்களை ஊசியால் குத்தித் தீர்ப்பது இத்தனை நாள் என் வேலை, என் கலை, என் மதம். புதிதாக வேலைக்கு வருகிறவர் காதுக்குப் பின்னால் ஒன்றை வெடித்து வரவேற்கும் சடங்கை ஏற்படுத்தியவனே நான்தான். இனிமேல் முடிச்சுக்குப் பக்கத்தில் டேப் ஒட்டி, டேப்பின் மேல் குத்த வேண்டுமாம். புஸ்ஸ்ஸ் என்று கால் மணி நேரம் போகும், வாயுத் தொல்லை வந்த தாத்தா மாதிரி.

துப்பாக்கிக்கு அனுமதி, பலூனுக்குத் தடை. இதை யாரிடம் சொல்லிச் சிரிப்பது?

மே 10, சனி

மேடத்துக்கு இரண்டு பக்கக் கடிதம் எழுதிவிட்டேன். சாரம்: திருடன் எப்போதாவது ஒரு நாள் வருவான், வராமலும் போவான். ட்வைட் தினமும் வருகிறார். காபி மெஷினுக்கே பயந்து விலகி நிற்கும் மனிதர் கையில் துப்பாக்கி இருந்தால் நான் யாரைப் பார்த்துப் பயப்படுவது?

அச்செடுப்பதற்கு முன் ட்ரூடி அக்காவிடம் காட்டினேன். பட்டமளிப்பு விழா வளைவுக்கு நீலமும் வெள்ளையுமாகப் பலூன் கட்டிக்கொண்டிருந்தாள். முழுக்கப் படித்தாள். ஒரு நகைச்சுவைக்கும் உதடு அசையவில்லை.

"கிழிச்சுப் போட்டுடு தம்பி."

"ஏங்க்கா, நல்லா இல்லையா?"

"நல்லா இருக்கு. உனக்கு யார்கிட்டயும் பயம் இல்லன்னு தெரியுது. அது எல்லாருக்கும் வாய்க்காது."

இது பாராட்டா, திட்டா? கிழிக்கவில்லை. மேடத்தின் மேசையில் வைத்துவிட்டேன்.

மே 14, புதன்

ட்வைட்டின் இடுப்பில் வலப்பக்கம், சட்டைக்கு அடியில் ஒரு புடைப்பு. மாட்டினார் மாமனிதர்.

மே 17, சனி

இன்று கார்பின் ஸ்டால் என்கிற நான் வரலாற்றில் இடம்பிடித்த நாள். ஒழுங்காக எழுதுகிறேன்.

என் திட்டம் எளிது. ட்வைட்டைக் கடைக்குள் துப்பாக்கியை எடுக்க வைப்பது. எடுத்தால் வேலை போகும், விதியும் அவரோடு போகும். மூன்றடி பலூன் ஒன்றை ஊதிக்கொண்டு கிடங்கில் காகிதத் தட்டு அடுக்குக்குப் பின்னால் ஒளிந்தேன். பட்டியலும் கையுமாக வந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் ஒரே குத்து.

பெட்டி மூடிகள் எல்லாம் அதிர்ந்தன. ட்வைட் தலையைப் பொத்திக்கொண்டு அப்படியே தரையில் குப்புற விழுந்தார். சட்டை மேலேறியது. புடைப்பு என்பது இன்சுலின் பெட்டி. சர்க்கரை நோயாளி. அவ்வளவுதான்.

ஹீலியம் சிலிண்டர் பக்கம் ட்ரூடி அக்கா இருந்ததை நான் பார்க்கவில்லை. அவள் இரண்டு கையாலும் கறுப்பாக ஒன்றைப் பிடித்திருந்தாள். அது நேராக என் மூக்கைப் பார்த்தது.

நான் என்ன செய்தேன்? சிரித்தேன். "என்ன வேணும் மேடம், பிறந்தநாளா, கல்யாணமா?" என்றேன், வாடிக்கையாளரிடம் கேட்பது போல. அவள் கை இறங்கியது. பிறகு எல்லாரையும் சிரிக்க வைக்க, கடற்கொள்ளைக்காரன் வேடத்துக்கான கோடு போட்ட கால்சட்டையை அலமாரியிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

யாரும் சிரிக்கவில்லை. ரசனை கெட்ட ஜனங்கள்.

மே 19, திங்கள்

இன்று கார் நிறுத்துமிடத்தில் ட்வைட் வழிமறித்தார். கத்துவார் என்று நினைத்தேன். மெதுவாகப் பேசினார். அது அதைவிட மோசம்.

"ட்ரூடி புருஷன் ரெண்டு தடவ இதே இடத்துல வந்து நின்னான். அவ கார் மேல சாஞ்சுக்கிட்டு. அவ கிட்ட வராதன்னு கோர்ட்டு காகிதம் குடுத்திருக்கு, அவன் அதுல மூக்கைச் சிந்துவான். அவளுக்காகத்தான்டா அந்த அனுமதி கேட்டேன். என் பேர்ல கேட்டா அவ பேர் வெளிய வராது. எனக்குத் துப்பாக்கின்னாலே ஆகாது."

"அதுக்கு நான் சாகணுமா?"

"நீ எதுக்குடா சாகணும்?"

"நேத்தைக்கு முந்தின நாள் சாக இருந்தேன்ல? அவ புருஷன் இல்ல, நான். அவளுக்கு வித்தியாசம் தெரிஞ்சுதா?"

"தெரியலதான்," என்றார். "உனக்குத் தெரிஞ்சுதா? வெடிச்சியே, அங்க யாரு நிக்கிறான்னு?"

அவர் மேல் இருந்த கோபம் அப்படியே இருக்கிறது, வைக்கத்தான் இடமில்லை. லெனோரா மேடத்தின் மேல் வைக்கிறேன். ஒருத்திக்கு ஆபத்து என்றால் கதவுக்குப் பூட்டு போடு, விளக்குப் போடு, கார் வரை யாரையாவது கூட அனுப்பு. எனக்குத் தெரியாமல் துப்பாக்கி வைத்துக்கொள் என்பது என்ன மாதிரி அக்கறை? தெரியாமல் இருப்பதுதான் நல்லதாம். யாருக்கு நல்லது?

மே 21, புதன்

மேடம் தன் அறைக்குக் கூப்பிட்டு கதவைச் சாத்தினார். சனிக்கிழமை பெரிய சத்தம் கேட்டு ஒரு வாடிக்கையாளர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார். என் கடிதம் மேசையில், மேடத்தின் காபிக் கோப்பைக்கு அடியில்.

"யாராவது வெளிய எடுத்தாங்களா, கார்பின்?"

"எடுத்தார்கள்" என்ற ஒரு வார்த்தை போதும். விதி ஒழியும். நான் கேட்டது கிடைக்கும். ட்ரூடி அக்காவின் வேலையும் போகும். அவள் எந்த நேரத்தில் எந்தக் கதவு வழியாக வெளியே வருகிறாள் என்று அக்கறையோடு பார்த்துக்கொள்ள ஆட்கள் இருக்கும் ஒரே இடம் இந்தக் கடை.

"இல்ல மேடம். யாரும் எடுக்கல."

பெருந்தன்மையில் என்னை மிஞ்ச இந்த ஊரில் ஆள் இல்லை என்று இங்கே பதிவு செய்கிறேன்.

மே 22, வியாழன்

ட்ரூடி அக்காவே மேடத்திடம் போய், எடுத்ததைச் சொல்லிவிட்டாள்.

மே 24, சனி

ட்ரூடி அக்காவின் கடைசி நாள். மேடம் துப்பாக்கி விதியை ரத்து செய்துவிட்டார், ஒரு வரி அறிவிப்பு. வாசலில் புதிய விளக்கு மாட்டியிருக்கிறார்கள். எல்லாவற்றையும் ஒரு வாரம் தாமதமாகச் செய்வதில் மேடம் கெட்டிக்காரி. அக்காவை இருக்கச் சொன்னாராம். அவள்தான் மாட்டேன் என்றிருக்கிறாள்.

ரிப்பன் வெட்டும் கத்தரிக்கோலை என்னிடம் கொடுத்தாள்.

"ஏன் சொன்னீங்க? நான் சமாளிச்சிருந்தேனே."

"விரல் ட்ரிக்கர்ல இருந்துது கார்பின். பாதி அழுத்திட்டேன். நீ அவனாத்தான் தெரிஞ்ச." ரிப்பன் சுருளைச் சுற்றிச் சுற்றி வைத்தாள். "இனிமே இங்க ஒவ்வொரு பலூனுக்கும் உன் மூஞ்சிதான் வரும். நான் எப்படி வேலை செய்யறது?"

எங்கே போகிறாள் என்று கேட்டேன். சொல்ல மாட்டேன் என்று தலையாட்டினாள். யாரிடமும் சொல்லப் போவதில்லையாம்.

மே 31, சனி

பள்ளியில் நான் கதாநாயகன். ஒரு கடிதத்தால் துப்பாக்கி விதியை ஒழித்தவன். ஜிம் வகுப்பில் ஒருவன் கை குலுக்கினான். நானும் குலுக்கினேன்.

இந்த நோட்டை வேறு யாரும் படிக்கப் போவதில்லை. அப்புறம் எதற்கு இதில் பொய்?

பதினேழாம் தேதி நான் சிரிக்கவில்லை. "பிறந்தநாளா, கல்யாணமா" என்பது வீட்டுக்கு வந்து குளிக்கும்போது யோசித்தது. அங்கே நான் சொன்னது "அம்மா". மூன்று தடவை. கோடு போட்ட கால்சட்டையை மாட்டியது யாரையும் சிரிக்க வைக்க அல்ல. என் கால்சட்டை நனைந்திருந்தது. அதைச் சுருட்டிப் பையில் போட்டுக் கொடுத்தது ட்வைட். இன்று வரை ஒருவரிடமும் சொல்லவில்லை அந்த மனிதர்.

மேடத்திடம் "யாரும் எடுக்கல" என்றது அக்காவைக் காப்பாற்ற மட்டுமில்லை. எடுத்தாள் என்றால் ஏன் எடுத்தாள் என்ற கேள்வி வரும். கேள்வி என்னிடம் வந்து நிற்கும். அவள் என்ன சொன்னாள் தெரியுமா? பலூன் தானாக வெடித்தது என்று. இன்றுதான் மேடம் பேச்சுவாக்கில் சொன்னார். "சூடு ஜாஸ்தி, அதான் வெடிச்சிருக்கு, பாவம்," என்றார். நான் ஆமாம் மேடம் என்றேன்.

துப்பாக்கி கடைக்குள் இருக்கக் கூடாது என்று நான் எழுதியதில் ஒரு எழுத்தையும் மாற்ற மாட்டேன். அந்த ஓட்டையை மூக்குக்கு நேராகப் பார்த்தவன் நான். ஆனால் அந்த விதியை என் கடிதம் ஒழிக்கவில்லை. அவள் தன் வேலையைக் கொடுத்து ஒழித்தாள்.

பலூன் மேசை இப்போது எனக்கு. இன்று ஒரு பெண்மணி, உள்ளே வண்ணக் காகிதம் நிரப்பிய பெரிய பலூன் ஒன்று கேட்டார். விழாவுக்கு முன் ஒன்றை வெடித்துக் காட்டச் சொன்னார். நான் ட்வைட்டைப் பார்த்தேன். அவர் ஒன்றும் கேட்காமல் ஊசியை வாங்கிக்கொண்டார். நான் பின்வாசல் வழியாக வெளியே போய், இரண்டு காதிலும் விரலை வைத்துக்கொண்டு நின்றேன்.

கொஞ்சம் கழித்துக் கதவு திறந்தது.

"முடிஞ்சுது. உள்ள வாடா," என்றார்.

போனேன்.