கொர்னேலி வாத்தியாருக்கு ஒரு பாடு

பழவேற்காடு,
பார்த்திப வருஷம், ஆனி மாதம்.

கொழும்புத் துறைமுகத்தில் கணக்கெழுதும் என் மூத்த மகன் சிரஞ்சீவி சுப்பராயலுவுக்கு உன் நைனா ராஜவேலு ஆசீர்வாதம் செய்து எழுதிக்கொண்டது. ஏரியில் தண்ணீர் இருக்கிறது, தண்ணீரில் மீன் இருக்கிறது, ஆகையால் நாங்களும் இருக்கிறோம். நானும் உன் அம்மா குப்பம்மாவும் உன் தம்பி வரதனும் சுகம், பெரிய படகுக்கு மட்டும் அடிப்பலகையில் கொஞ்சம் உடம்பு சரியில்லை. நீயும் மருமகளும் சுகமாயிருக்கக் கங்கையம்மனுக்குத் தேங்காய் உடைத்தாயிற்று. வரதன் கையெழுத்து அச்சுப் போல இருக்கும், அவனையே எழுதச் சொல்லியிருக்கலாம், ஆனால் அவன் தன்னைப் பற்றி வரும் இடத்தையெல்லாம் விழுங்கிவிடுவான், இந்தக் கடிதத்தில் பாதி அவனைப் பற்றித்தான், ஆகையால் நானே உட்கார்ந்து எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் நீயும் தலையைக் கோணலாக வைத்துக்கொண்டு படி.

முக்கியமான சேதி, ஒல்லாந்தர் ஊரை இங்கிலீஷ்காரரிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். கோட்டையில் கொடி மாறியது, எறாவுக்கு அது தெரியவில்லை, வழக்கம் போலத்தான் வலையில் விழுகிறது. ஆனால் நீ இரண்டு வருஷம் படித்த அந்தப் பள்ளிக்கூடமும் அவர்களோடு மூடிப் போகிறது, நம்முடைய பெரிய வாத்தியார் கொர்னேலியும் ஜாவாத் தீவுப் பத்தாவியாவுக்குக் கப்பலேறுகிறார் என்றதும் ஊரே வாடிப் போயிற்று. பள்ளிக்கூடம் திறந்த அன்று சேர்ந்து இந்த வருஷம் படிப்பை முடித்த பையன்கள் ஏழு பேர், அதில் நம் வரதன் ஒருவன். படிப்பு முடிந்த கையோடு அவன் வீட்டுக்கு வந்து வேட்டி துணிமணியெல்லாம் ஒரு மூட்டையாகக் கட்டி மூலையில் வைத்தான். இன்னாடா இது என்று கேட்டேன். "நானும் வாத்தியாரோட பத்தாவியா போறேன் நைனா, அங்க கணக்கெழுத ஆளு வேணுமாம்"னு சொல்கிறான். உன்னைப் போய் வா என்று அனுப்பின வாயால் அவனை மட்டும் போகாதே என்று எப்படிச் சொல்வேன், சொன்னால் அண்ணனுக்கு ஒரு நியாயம் எனக்கு ஒரு நியாயமா என்பான். உன் அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் கத்தினால் எனக்குப் பயமில்லை, பேசாமல் குழம்பு வைத்தால்தான் பயம், அன்றைக்கு அதில் உப்பும் இல்லை.

வாத்தியாரை வழியனுப்பப் பள்ளிக்கூடத்துப் பூவரச மரத்தடியில் எல்லோரும் கூடினோம். பையன்கள் ஒவ்வொருவராக எழுந்து படித்த காலத்தைச் சொன்னார்கள், சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. ஒல்லாந்து தேசம் எங்கே இருக்கிறது என்று முதல் வருஷம் வாத்தியார் கேட்டாராம், கோட்டைக்குள்ளே என்று வரதன் சொன்னானாம். ஊர்த் தலைவர் நாகப்பன் பெரியவரின் மகன் எல்லப்பன் சொன்னதுதான் நல்ல கூத்து. எறாக் காலம் வந்தால் பள்ளிக்கூடம் காலியாகிவிடும் இல்லையா, நீயும் அந்த வேலை செய்தவன்தான். வாத்தியாருக்கோ தண்ணீர் என்றால் நடுக்கம், இத்தனை வருஷம் ஏரிக்கரையில் இருந்தும் கால் நனைத்ததில்லை. அதனால் கரையில் நின்றுகொண்டு கையை வாயில் குவித்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார், பையன்கள் படகிலிருந்தே "இருக்கேன் வாத்தியாரே"னு கத்துவார்கள், அவரும் வந்ததாகக் குறித்துக்கொண்டு திரும்பிவிடுவார். குரல் கேட்டால் போதும், பையன் பத்திரமாக இருக்கிறான், படிப்பை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்பாராம். எல்லப்பன் இதைச் சொல்லும்போது வாத்தியார் தொப்பியைக் கழற்றி அதற்குள் எதையோ தேடுவது போலக் குனிந்துகொண்டார், அழுகிறார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

இப்பேர்ப்பட்டவருக்கு என்ன கொடுத்து அனுப்புவது என்று பெரியவர்கள் உட்கார்ந்து பேசினோம். மாலை போட்டால் தும்முகிறார், வேட்டி கட்டத் தெரியாது, கருவாடு கொடுத்தால் கப்பல்காரன் கடலில் போட்டுவிடுவான். பையன்கள் ஒரே பிடிவாதமாக நம் ஊரில் இருப்பதிலேயே பெரியதைக் கொடுக்க வேண்டும் என்றார்கள். இருப்பதிலேயே பெரியது எது, முகத்துவாரத்துப் பாடுதான். சரி என்று நாகப்பன் பெரியவர் வாத்தியாருக்கு ஒரு பாடு என்று சபையில் சொல்லிவிட்டார், எல்லோரும் தலையை ஆட்டினோம். ஊரை விட்டுப் போகிற மனுஷனுக்குப் பாடு கொடுப்போமா என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை பார். நீ கொழும்புச் சோறு தின்று மறந்திருப்பாய், விளக்கமாக எழுது என்று உன் அம்மா சொல்கிறாள். பாடு என்றால் முகத்துவாரத்தில் முறை வைத்து வலை போடும் உரிமை, அதைப் பெற்றவன் பெயர் ஊர் வரிசையில் ஏறிவிடும், ஒவ்வொரு முறையும் விடியற்காலையில் கரையில் பெயரைக் கூப்பிடுவார்கள், ஆள் இல்லாவிட்டால் அவனுக்காக ஊரில் இருக்கிற ஒருத்தன் பதில் சொல்ல வேண்டும், பதில் வராவிட்டால் பெயர் அடிபட்டுப் போகும். புதிதாகப் பெயர் ஏறுகிறவன் முதல் தடவை தானே தண்ணீரில் இறங்கி வலைக்கயிற்றைத் தொட வேண்டும், இறங்கும்போது யார் கையைப் பிடிக்கிறானோ அவன்தான் பின்னால் அவனுக்காகப் பதில் சொல்கிற ஆள். இப்போது ஞாபகம் வந்திருக்கும்.

பெயர் ஏறுகிற அன்றைக்கு வாத்தியார் கோட்டும் தொப்பியும் சப்பாத்துமாகக் கரைக்கு வந்து நின்றார். உன் அம்மா கூடையோடு முன்னாலேயே வந்துவிட்டாள், வரதனைக் கூப்பிட்டு, "வாத்தியாருக்குத் தண்ணின்னா பயம், படிப்பு சொல்லிக் குடுத்தவரு, நீ கைக்கெட்டுற தூரத்துலயே நில்லு"னு சொன்னாள். நல்ல பிள்ளையாக அவனும் போய் நின்றான். வாத்தியார் சப்பாத்தைக் கழற்றி, கண்ணை இறுக மூடி, முழங்கால் வரைக்கும் இறங்கினார், அந்த நேரம் பார்த்துப் பாசியோ நண்டோ காலில் உரசியது, அவர் பாஷையில் என்னவோ அலறிக்கொண்டு வரதன் கையை இரண்டு கையாலும் பிடித்தவர் வலை ஏறும் வரைக்கும் விடவேயில்லை. தொப்பி மிதந்து போய் வலையில் மடவை மீனோடு வந்தது. சிரிப்பு அடங்குவதற்குள் நாகப்பன் பெரியவர், "புடிச்ச கை வரதன் கை, வாத்தியாருக்கு இனிமே வரதன்தான் பதில் சொல்லணும்"னு அறிவித்துவிட்டார். வரதன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. வாத்தியாருக்கு விஷயம் மெதுவாகத்தான் புரிந்தது. "அப்படின்னா நீ கப்பலேறினா என் பேரு இங்க இருக்காதா"னு அவனைக் கேட்டார். அவன் குனிந்து வலைக்கயிற்றைச் சுருட்டத் தொடங்கினான். அவரும் வற்புறுத்தவில்லை, உன் இஷ்டம் என்று தோளில் தட்டிவிட்டு ஈரத் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார்.

அவரைச் சலங்குப் படகில் நான்தான் கப்பலுக்குக் கொண்டுபோய் விட்டேன், வழியெல்லாம் என் தோளைப் பிடித்திருந்தார், நகம் பதிந்த தழும்பு இன்னும் இருக்கிறது. வரதன் அந்தக் கப்பலில் போகவில்லை. ஆனால் அடுத்த கப்பலுக்குப் போகிறேன் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான், மூட்டை மூலையிலேயே கிடந்தது. நீ வேண்டுமென்றேதானே அவனை அங்கே நிறுத்தினாய் என்று உன் அம்மாவைக் கேட்டேன். கத்தி மழுங்கிப் போச்சு, தீட்டிக் குடு என்றாள்.

போன வாரம் வாத்தியாரின் முறை வந்தது. விடியும்போது ஆண்களெல்லாம் கரையில் நின்றோம், பெண்கள் கூடையோடு அந்தப் பக்கம் நின்றார்கள். நாகப்பன் பெரியவர், கொர்னேலி வாத்தியார் என்று கூப்பிட்டார். சத்தமில்லை. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், வரதனுக்கு விடுதலை. பெரியவர் வேண்டுமென்றே தொண்டையைக் கனைத்துக்கொண்டு இன்னொரு தரம் கூப்பிட்டார், கையை வாயில் குவித்து, வாத்தியார் கூப்பிடுவாரே அதே மாதிரி. வரதன் மணலைப் பார்த்துக்கொண்டே நின்றான், அப்புறம் வாய் பழகிப் போன பழக்கத்தில், "இருக்கேன் வாத்தியாரே"னு கத்தினான். ஊரே சிரித்தது. எல்லப்பனும் மற்றப் பையன்களும் அதையே சேர்ந்து கத்தினார்கள். வரதனும் சிரித்தான், ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் சிரித்தான். வீட்டுக்கு வந்து மூட்டையைப் பிரித்து வேட்டிகளைக் கொடியில் போட்டான், அன்றைக்குக் குழம்பில் உப்பு சரியாக இருந்தது.

இதை எழுதாமல் விடலாம் என்று பார்த்தேன், மனசு கேட்கவில்லை. வாத்தியார் பெயருக்கு அடுத்த பெயர் உன்னுடையது. சுப்பராயலு என்று பெரியவர் கூப்பிட்டார். ஒவ்வொரு முறையும் நான்தான் பதில் சொல்வேன், நீ போன நாளிலிருந்து ஒரு தடவை தப்பியதில்லை. அன்றைக்கு வரதன் கண்ணைத் துடைப்பதையே பார்த்துக்கொண்டு பதில் சொல்லாமல் நின்றுவிட்டேன். அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து, "இருக்கான்"னு உன் அம்மா குரல் கேட்டது. பெண்பிள்ளை பதில் சொல்கிற வழக்கம் நம் ஊரில் இல்லை. பெரியவர் அவளைப் பார்த்தார், அதையே பதிலாக எடுத்துக்கொண்டு அடுத்த பெயருக்குப் போய்விட்டார்.

உடம்பைப் பார்த்துக்கொள், வெயிலில் தொப்பி போட்டுக்கொள், மருமகளைக் கோபித்துப் பேசாதே. உங்களுக்குப் பிள்ளைகுட்டியும் நீண்ட ஆயுளும் அம்மன் கொடுப்பாள். தை மாதம் உன் முறை மறுபடி வருகிறது, துரையிடம் விடுப்புக் கேட்க மறந்துவிடாதே, ஒரு தடவையாவது நீயே வந்து கரையில் நின்று பதில் சொல்லிவிட்டுப் போ.

இப்படிக்கு,
அதுவரைக்கும் உன் பெயருக்கும் பதில் சொல்லும் உன் நைனா,
ராஜவேலு.