திட்டுக்குத் தனியாக

ஏப்ரல் 17, வெள்ளி

காலையில் வெயில், மதியம் மூடுபனி, சாயங்காலம் மறுபடி வெயில். தனக்கு என்ன வேண்டும் என்று மஞ்சூருக்கே தெரியவில்லை.

மகன் செந்தில் போன். ஞாயிறு வருகிறானாம், முடிவைச் சொல்ல வேண்டுமாம். கோயம்புத்தூரில் அவன் வீட்டு மாடி அறை, எனக்காக வெள்ளையடித்து ரெடி. "தனியா எதுக்கும்மா அங்க கெடக்கறீங்க?" நல்ல பிள்ளை. இந்த ஊரை விட மனசில்லை. ஆனால் அவர் போன பிறகு, தகரக் கூரையில் குரங்கு குதித்தாலும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. அவர் பயமே தெரியாத மனுஷன். லைன்மேன், கொட்டும் மழையில் கம்பம் ஏறியவர். அந்தத் தைரியத்திலேயே நானும் காலத்தை ஓட்டிவிட்டேன்.

நாளை திட்டுக்குப் போகிறேன். சைக்கிளில். அணைக்குள் இருக்கும் மேடு. மழைக்காலத்தில் தீவு, கோடையில் தண்ணீர் இறங்கினால் ஒரு மண்பாதை வெளியே வரும். கல்யாணமான புதிதிலிருந்து கோடை தவறாமல் அவர் சைக்கிள் கேரியரில் போனது. எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான், ஐம்பது வயதுக்கு மேல். ஊரே சிரித்தது. அங்கே தனியாகப் போய் வர முடிந்தால் இங்கே தனியாக இருக்கவும் முடியும் என்று ஒரு நினைப்பு.

எடுக்க: தக்காளி சோறு, சுக்கு காபி, ஸ்வெட்டர், பம்ப், மூட்டுவலி மாத்திரை.

ஏப்ரல் 18, சனி

கேரட் வேனில் சைக்கிளைப் போட்டு அணை கேட் வரை. வேன்காரர்: "ஏனுங்கம்மா, இந்த வயசுல சைக்கிளுங்களா?" அவருக்கு என்னைவிட வயது கூட இருக்கும்.

கேட் வாட்ச்மேன் என் வீட்டுக்காரரோடு வேலை பார்த்தவர். "காட்டுமாடு எறங்குதுங்க. இருட்டறதுக்குள்ள வந்துருங்க."

கற்பூர மர வாசனை. அப்புறம் வெறும் கல், பழைய மரங்களின் அடிக்கட்டை, பாளம் பாளமாக வெடித்த சேறு. பாதி தூரம் ஓட்டினேன், பாதி தூரம் தள்ளினேன்.

பிறகு அந்த ஒடுங்கின பாதை. அப்போதெல்லாம் போகும்போது கேரியரில் இடதுபக்கம் கால் போட்டு உட்கார்வேன். திரும்பும்போது வலதுபக்கம் போடச் சொல்வார். "ஒரே பக்கமா உக்காந்தா கேரியர் கோணிக்கும் புள்ள." சரி என்று மாறி உட்கார்வேன். நான் கண்டதெல்லாம் மெல்லச் சரிகிற புல்லும் அவர் முதுகும்தான். அந்தக் குளிரிலும் சட்டை நனைந்திருக்கும். என் கனம் என்று நினைத்துக்கொள்வேன்.

இன்றுதான் நேராகப் பார்த்து ஓட்டினேன். வலதுபக்கம் ஒன்றுமே இல்லை. பாறை செங்குத்தாக இறங்குகிறது, அடியில் கறுப்பாகத் தண்ணீர். இறங்கிவிட்டேன். தள்ளிக்கொண்டே திட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. கேரியராவது கோணுவதாவது. போகும்போதும் வரும்போதும் என் முகம் புல் பக்கமே இருக்கும்படி பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்த வேர்வை என் கனத்தால் வந்தது இல்லை. வருஷா வருஷம் போகலாம் என்று நச்சரித்தது நான். இறங்கி நடப்போமா என்றுகூட அவர் கேட்டதில்லை.

பாறைமேல் உட்கார்ந்து நன்றாக அழுதேன். அப்புறம் பசித்தது. தக்காளி சோற்றில் உப்பு கம்மி. எதிர்க் கரையில் ஒரு காட்டுமாடு, என்னைச் சட்டை செய்யவில்லை.

வரும்போது அந்த இடத்தை ஓட்டியே கடந்தேன். மெதுவாக, பள்ளத்தைப் பார்த்தபடி. பயந்தாங்கொள்ளி, பயந்தாங்கொள்ளி என்று அவரைச் சத்தமாகத் திட்டிக்கொண்டே. அவ்வளவு ஆசையாக அவரைத் திட்டி எத்தனை நாளாயிற்று.

ஏப்ரல் 19, ஞாயிறு

மூட்டு வீக்கம். தூறல்.

மதியம் செந்தில், மைசூர்பாவோடு. இலை போட்டு உட்கார வைத்த பிறகு சொன்னேன், வரவில்லை என்று. "அப்பா இருந்தப்ப வேறம்மா. இனி தனியா உங்களுக்குப் பயமா இருக்காதுங்களா?"

"இருக்கும்டா. உங்கப்பாவுக்கும் இருந்துச்சு" என்றேன்.

அவன் நம்பவில்லை. குழம்பு ஊற்றினேன்.