எனக்கே வந்த ஆழ்ந்த இரங்கல்

வெள்ளி, இரவு.

ஆஸ்பத்திரியிலிருந்து இன்றைக்குத்தான் பாலக்கரை வீட்டுக்கு வந்தேன். டாக்டர் "கஷ்டம்" என்று சொன்ன அன்றே, அரியமங்கலத்தில் இருக்கும் என் தம்பி முந்திவிடுவான் என்று, என் மகன் ஃபேஸ்புக்கில் எனக்குக் கண்ணீர் அஞ்சலி போட்டிருக்கிறான். மாலையோடு என் படம். நான் பிழைத்துவிட்டேன். படம் அப்படியே இருக்கிறது.

"அதை அழிச்சிடுடா."

"எனக்கு இவ்வளவு கமெண்ட் எப்பவும் வந்ததில்லப்பா. இப்ப அழிச்சா அசிங்கம். எப்படியும் திரும்பப் போடத்தானே வேணும்?"

போனைப் பிடுங்கிப் படித்தேன். "எப்போ எடுக்கிறாங்க?" என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். "நாளைக்குக் காலைல, ஓயாமரி சுடுகாடு" என்று மகன் அன்றைக்கே பதில் போட்டிருக்கிறான்.

அதற்கு ஒரே ஒரு லைக். என் பெண்டாட்டி போட்டது.

அந்த நேரம் ஆஸ்பத்திரியில் அவளுடைய ஒரு கை என் கையில்தான் இருந்தது.